கூடி வாசித்தால் வாழும் இசை: அப்பலாச்சியன் மலைகளின் ஜாம் மரபு

அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலைனா மாநிலங்களின் எல்லையைக் கடந்து, அப்பலாச்சியன் மலைகளைச் சேர்ந்த புளூ ரிட்ஜ் மலைத்தொடர் ஓடுகிறது. ஃபிளாய்ட், கேலக்ஸ், மவுண்ட் ஏரி, ஸ்பார்ட்டா போன்ற சிற்றூர்கள் அதை ஒட்டி இருக்கின்றன. இங்கெல்லாம் வார இறுதிகளில் பலசரக்குக் கடையிலோ, தேவாலயக் கூடத்திலோ, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து வாசிப்பார்கள். ஃபிடில் எனப்படும் வயலின் இரண்டு மூன்று, பாஞ்சோ ஒன்றிரண்டு, ஒரு கிட்டார், இடமிருந்தால் ஆளுயர பேஸ் ஒன்று. வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருப்பதால், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பாதிப் பேரின் முதுகுதான் தெரியும். மைக் கிடையாது, நிகழ்ச்சி நிரல் கிடையாது, எழுதி வைத்த ஸ்வரக் குறிப்பும் கிடையாது. இதற்கு ஜாம் என்று பெயர். அங்கே ஒலிப்பதைப் ‘பழங்கால இசை’ என்ற பொருளில் ஓல்ட்-டைம் என்கிறார்கள்.

வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்ட மலைவாழ் மக்கள் மூதாதையரின் இங்கிலாந்துப் பாட்டுகளை அப்படியே பொத்திக் காத்தார்கள் என்ற கதை நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. கிடைக்கும் சான்றுகள் இந்தக் கதைக்கு இடம் தரவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களும், பின்னாளில் ஆலைத் தொழிலாளர்களும் ரயில் பாதை போட்டவர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுக் கேட்டு உண்டாக்கிய இசை இது. இதை உருவாக்கியதும் இன்றுவரை கொண்டுவந்து சேர்த்ததும் கூடி வாசிக்கும் பழக்கம்தான். அந்தப் பழக்கம் எப்படி இயங்குகிறது, அதன் வரலாற்றிலிருந்து யார் பெயர்கள் விடுபட்டன என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மரபு பிடிபடும்.

வட்டத்தின் விதிகள்

ஒரு ஜாமில் ஃபிடில் வாசிப்பவர்தான் பெரும்பாலும் மெட்டைத் தொடங்குவார். சிறு முன்னிழுப்பு ஒன்று வாசித்துத் தாளத்தைக் காட்டுவார். அடுத்த சில நொடிகளில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மெட்டுக்கு இரண்டு பகுதிகள். ஒன்று தாழ்ந்த ஸ்தாயியில் நடக்கும், மற்றது மேலே ஏறும். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்று முடியும். நடனத்துக்குரிய வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். முடிந்ததும் நிறுத்தாமல் முதலிலிருந்து வாசிப்பார்கள். பத்துச் சுற்று சாதாரணம், பதினைந்தும் போகும்.

வெளியிலிருந்து கேட்பவருக்கு இது சலிப்பாக இருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இதுதான் பாடம். மெட்டு தெரியாமல் வந்த ஒருவர் முதல் சுற்றில் கேட்கிறார். இரண்டாவதில் எந்த இடத்தில் கிட்டாரின் ஸ்வரச் சேர்க்கை மாறுகிறது என்று கவனிக்கிறார். ஐந்தாவதில் நீண்ட ஸ்வரங்களை மட்டும் மெதுவாகப் பிடிக்கிறார். பத்தாவது சுற்றுக்குள் ஒவ்வொரு பகுதியும் இருபது முறை அவர் காதில் விழுந்திருக்கும். தவறாக வாசித்தாலும் கூட்டத்தின் ஒலிக்குள் அது அமுங்கிவிடும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லாமலே ஒரு மெட்டு ஐந்தாறு நிமிடத்தில் கைமாறுகிறது.

சுற்றை முடிக்கும் நேரம் வந்தால், தொடங்கியவர் ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கி நீட்டுவார். இந்தச் சுற்றோடு முடிகிறது என்று எல்லாருக்கும் புரியும். கையில் வில், தாடைக்கும் தோளுக்கும் இடையில் ஃபிடில், வாய் திறந்தாலும் குரல் எடுபடாத சத்தம். மிச்சமிருப்பது கால் ஒன்றுதான். வகுத்து வைத்தவர் யாரென்று தெரியாமலே இந்த வழக்கம் நாடு முழுவதும் பரவியிருக்கிறது.

தனி ஆவர்த்தனம் கிடையாது என்பதுதான் இந்த இசையின் முக்கியமான அடையாளம். 1945-ல் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தம் மூன்று விரல் பாஞ்சோ பாணியோடு பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோது வடிவம் பெற்ற புளூகிராஸ் இசையில், ஒவ்வொருவரும் முறைவைத்து முன்னால் வந்து தம் திறமையைக் காட்டுவார்கள். அது மேடைக்கும் வானொலிக்கும் பிறந்த இசை. ஓல்ட்-டைம் ஜாமில் தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாரும் சேர்ந்தே வாசிக்கிறார்கள். ஃபிடிலும் பாஞ்சோவும் ஒரே மெட்டை ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நடத்துகின்றன. கிட்டாரும் பேஸும் காலடி போல் தாளத்தைத் தாங்குகின்றன. திறமைசாலி செய்யும் நுணுக்கம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும்: வில்லைத் திருப்பும் இடத்தில் ஓர் அழுத்தம், நான்காவது சுற்றில் ஒரு சிறு மாறுதல். அதைக் கேட்டுப் பாஞ்சோக்காரர் புன்னகைப்பார். அவ்வளவுதான் அங்கே கிடைக்கும் கைதட்டல்.

சுருதி விஷயத்திலும் கூட்டத்தின் வசதிக்கே முதலிடம். பாஞ்சோவின் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டையானது. கட்டைவிரலால் மீட்டப்பட்டு இடைவிடாமல் சுருதி தந்துகொண்டிருக்கும். சுருதி மாறினால் அதையும் மற்ற தந்திகளையும் புதிதாகக் கூட்ட வேண்டும். அதனால் ஒரு ஜாம் ஆறு கட்டையில், அதாவது ஏ ஸ்கேலில் தொடங்கினால் ஒரு மணி நேரமாவது அதிலேயே நிற்கும். பிறகு எல்லாரும் சம்மதித்து இரண்டு கட்டைக்கு மாறுவார்கள். இடையில் வந்து வேறு சுருதியில் மெட்டு கேட்பது நாகரிகமில்லை.

ஆறு கட்டை மெட்டுகளுக்கு மலை ஃபிடில்காரர்கள் பலர் வழக்கமான ஐரோப்பியக் கூட்டலை விட்டுவிட்டுத் தந்திகளை ஏ-ஈ-ஏ-ஈ என்று அமைக்கிறார்கள். நமக்குப் பழகிய முறையில் சொன்னால் ச-ப-ச-ப. கர்நாடக இசை வயலின் கூட்டப்படுவதும் இதே உறவில்தான். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியர் வழியாகச் சென்னைப் பக்கம் வந்து சேர்ந்த அதே வாத்தியம் அட்லாண்டிக்கைக் கடந்து இந்த மலைகளுக்கும் போனது. இரண்டு மக்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆதார சுருதி எப்போதும் கூடவே ஒலிக்க வேண்டும் என்று இருவரும் விரும்பினார்கள். இருவரும் தந்திகளை ஒரே விதமாகத் திருத்தினார்கள். பக்கத்துத் தந்தியையும் சேர்த்து வில் உரசும்போது எழும் அந்த முழக்கம், ஒலிபெருக்கி இல்லாத வீட்டில் ஐம்பது பேர் ஆடும் நடனத்துக்கு ஒற்றை ஃபிடிலைப் போதுமானதாக்கியது.

வேலை முடிந்த இரவுகள்

இந்த விதிகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடினால் வயலுக்கும் அடுக்களைக்கும் போய்ச் சேர்கிறோம். வட கரோலைனாவின் சர்ரி மாவட்டத்தில் ரவுண்ட் பீக் என்ற சிறு பகுதி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே வாழ்ந்தவர்கள் மக்காச்சோளமும் புகையிலையும் பயிரிட்ட சிறு விவசாயிகள். கதிர் உரிப்பது, பயற்றங்காய் ஆய்வது, கொட்டகை எழுப்புவது போன்ற வேலைகளை ஒரு குடும்பம் தனியாக முடிக்க முடியாது. அக்கம்பக்கத்தார் கூடி முடித்துக் கொடுப்பார்கள். கூலிக்குப் பதில் வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். சாப்பாடு முடிந்ததும் மேசை நாற்காலிகள் முற்றத்துக்குப் போகும், அறை ஆடுகளமாகும். ஃபிடிலும் பாஞ்சோவும் வாசலையொட்டி உட்கார்ந்துவிடும்.

கிறிஸ்துமஸ் நாட்களில் இது ஒரு சுற்றாகவே நடந்தது. டிசம்பர் கடைசியில் தொடங்கி, பழைய கிறிஸ்துமஸ் எனப்படும் ஜனவரி 6-ஐ ஒட்டிய நாட்கள் வரை, இரவுக்கு ஒரு வீடு என்று நடனம் நகர்ந்துகொண்டே போகும். ‘பிரேக்கிங் அப் கிறிஸ்துமஸ்’ என்ற பெயரில் ஒரு மெட்டே இந்த வழக்கத்திலிருந்து பிறந்து, இன்றும் ஜாம்களில் வாசிக்கப்படுகிறது. ஆடுபவர்கள் களைக்கும் வரை மெட்டு ஓட வேண்டும். ஃபிடில்காரர் களைத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எனவே ஊரில் பலருக்கும் ஒரே மெட்டுகள் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய ஜாமில் ஒரு மெட்டைப் பத்துப் பதினைந்து முறை திரும்ப வாசிப்பதும், தனி ஆவர்த்தனத்துக்கு இடமில்லாததும் அந்த நடன இரவுகளின் தேவையிலிருந்து வந்தவை.

ரவுண்ட் பீக் பகுதியில் பிறந்தவர் டாமி ஜாரெல் (1901–1985). தந்தை பென் ஜாரெல் நல்ல ஃபிடில்காரர். 1927-ல் ஜென்னட் நிறுவனத்துக்காக இசைத்தட்டில் பதிவானவர். டாமி சிறுவனாகப் பாஞ்சோ கற்றது தந்தையிடம் அல்ல, பண்ணைக்கு வேலைக்கு வந்த ஒருவரிடம். பிறகு ஃபிடிலுக்கு வந்தார். பிழைப்புக்கு மாநில நெடுஞ்சாலைத் துறையில் நாற்பது ஆண்டு சாலை சமன்செய்யும் இயந்திரம் ஓட்டினார். அவரோடு வாசித்த ஃபிரெட் காக்கரம், கைல் கிரீட் போன்றவர்களும் உழைத்துப் பிழைத்தவர்களே. கைல் கிரீட் பாஞ்சோ செய்வதிலும் கைதேர்ந்தவர். சமையலறை மேடைக்கு ஒட்டும் ஃபார்மைக்கா தகட்டை வாத்தியத்தின் கழுத்தில் பதித்தார். விரல் வழுக்கிக்கொண்டு போக அது தோதாக இருந்தது. கையில் கிடைத்த புதுப் பொருளை எடுத்துப் பழைய ஒலியை மெருகேற்றியவர்கள் இவர்கள்.

பாஞ்சோ வந்த வழி

வெள்ளையரின் மலை இசைக்கு அடையாளமாக உலகம் கருதும் பாஞ்சோ ஆப்பிரிக்க மரபில் பிறந்தது. சுரைக்குடுக்கையின் வாயில் தோலை இழுத்துக் கட்டி, கழியைச் செருகி, தந்தி பூட்டிய வாத்தியங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பல உண்டு. அடிமைக் கப்பல்களில் வந்தவர்கள் அந்த நினைவை வைத்துக் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் புதிய வாத்தியத்தைச் செய்தார்கள். ஹான்ஸ் ஸ்லோன் 1707-ல் வெளியிட்ட ஜமைக்கா பற்றிய நூலில் அதன் முன்னோடிகளின் படம் இருக்கிறது. 1780-களில் தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியாவைப் பற்றி எழுதும்போது, அடிமைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த வாத்தியம் என்று இதைக் குறிப்பிட்டார். அதே காலத்தில் தென் கரோலைனாவில் வரையப்பட்ட ‘தி ஓல்ட் பிளான்டேஷன்’ என்ற நீர்வண்ண ஓவியத்தில், ஒரு கறுப்பினத்தவர் சுரைக்குடுக்கைப் பாஞ்சோ மீட்ட, மற்றவர்கள் ஆடுகிறார்கள்.

ஒலி மட்டுமின்றி, கை அசைவும் கடல் கடந்து வந்தது. மலைப் பாஞ்சோக்காரர்கள் விரலைக் கொக்கி போல் மடக்கி நகத்தால் கீழ்நோக்கித் தட்டி, தொடர்ந்து கட்டைவிரலால் குட்டைத் தந்தியைச் சுண்டுவார்கள். இதை கிளாஹேமர் என்பார்கள். செனகல், காம்பியா பகுதிகளில் வாழும் ஜோலா மக்களின் அகோன்டிங் என்ற மூன்று தந்தி வாத்தியமும் இதே அசைவில்தான் வாசிக்கப்படுகிறது. காம்பியாவைச் சேர்ந்த ஆய்வாளர் டேனியல் ஜட்டா, தம் சமூகத்தின் இந்த வாத்தியத்தை அமெரிக்க ஆய்வாளர்களின் முன் வாசித்துக் காட்டியபோது, ஒற்றுமை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

1840-களில் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் நாடகக் குழுக்கள் பாஞ்சோவை நாடெங்கும் கொண்டு சென்றன. இந்த அவமதிப்பும் வரலாற்றின் ஒரு பகுதி. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் தோட்டங்களிலும், ஆற்றுத் துறைகளிலும், ரயில் பாதை வேலைத்தளங்களிலும் கறுப்பின, வெள்ளையின வாத்தியக்காரர்கள் நேருக்கு நேர் கேட்டுக் கற்றிருக்கிறார்கள். ஃபிடிலையும் பாஞ்சோவையும் ஜோடியாக்கியதே அடிமைகளின் நடனக் கூட்டங்கள்தான். ஐரோப்பிய வாத்தியத்தை அடிமைகள் தேர்ச்சியோடு வாசித்ததற்குக் காலனிக் காலத்திலிருந்தே சான்றுகள் உண்டு. கிட்டார் இந்த ஜோடியோடு சேர்ந்தது மிகவும் பிந்தி, அஞ்சல் வழி விற்பனைக் கம்பெனிகளின் விலைப்பட்டியல் மலை வீடுகளுக்கு வந்த காலத்தில்.

சேகரித்தவர்கள் கேட்டதும் கேளாததும்

1916 முதல் 1918 வரை இங்கிலாந்தின் செசில் ஷார்ப், மாட் கார்ப்பலிஸ் என்ற உதவியாளரோடு அப்பலாச்சியன் மலைகளில் அலைந்து ஏறக்குறைய 1,600 பாட்டு வடிவங்களைக் குறித்தெடுத்தார். அவருக்கு முன்பே சேகரிக்கத் தொடங்கி, அவரை இங்கே வரத் தூண்டியவர் ஆலிவ் டேம் கேம்ப்பெல். வட கரோலைனாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் வாழ்ந்த ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி என்ற பெண்மணி ஒருவரே அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார். வயதான நிலையில், ஆஸ்துமாவோடு, கரடுமுரடான பாதைகளில் ஷார்ப் நடந்தார். அவர் உழைப்பு இல்லாவிட்டால் பல பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்காது. ஆயினும் அவர் தேடி வந்தது இங்கிலாந்தை. கறுப்பினத்தவர் பாடியதை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நடன மெட்டுகளும் பாஞ்சோவும் அவர் தொகுப்பில் மிகக் குறைவு. அச்சேறிய நூலைப் படித்தவர்கள், மலையில் இருப்பது இவ்வளவுதான் என்று நம்பினார்கள்.

இதைவிடக் கடுமையான விலக்கல் 1931 முதல் 1939 வரை வர்ஜீனியாவின் ஒயிட்டாப் மலையில் நடந்த நாட்டுப்புற விழாவில் இருந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான இசையமைப்பாளர் ஜான் பவல், வெள்ளை இன மேன்மையைப் பிரசாரம் செய்தவர். கலப்புத் திருமணத்தைத் தடைசெய்த 1924-ஆம் ஆண்டு வர்ஜீனியா இனத்தூய்மைச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். அந்த விழா மேடையில் கறுப்பினக் கலைஞர்களுக்கு இடமில்லை. மலை இசையின் தூய்மை என்ற பேச்சு யாருக்குப் பயன்பட்டது என்பதை டேவிட் விஸ்னன்ட் 1983-ல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாகக் காட்டியது.

வணிகமும் தன் பங்குக்குப் பிரித்தது. 1923-ல் அட்லாண்டாவில் ஃபிடிலின் ஜான் கார்சன் பதிவு செய்த இசைத்தட்டு நன்றாக விற்றதும், கிராமத்து வெள்ளையருக்கென்று ஒரு சந்தை இருப்பதை நிறுவனங்கள் உணர்ந்தன. கறுப்பினத்தவருக்கு விற்க ‘ரேஸ்’ வரிசை, வெள்ளையருக்கு விற்க ‘ஹில்பில்லி’ வரிசை என்று பட்டியல்கள் இரண்டாயின. கறுப்பினக் கலைஞர் புளூஸ் பாட வேண்டும், வெள்ளையர் ஃபிடில் வாசிக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம் ஆயிற்று. கறுப்பினத்தவரின் ஃபிடில்-பாஞ்சோ குழுக்கள் நூற்றுக்கணக்கான நடனங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மிகச் சில குழுக்கள்தான் பதிவாயின.

1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை டென்னசி-வர்ஜீனியா எல்லை நகரான பிரிஸ்டலில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் 19 குழுக்களின் 76 பாட்டுகளைப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோஜர்ஸும் அங்கிருந்துதான் உலகுக்குத் தெரிந்தார்கள். கார்ட்டர் குடும்பத்தின் பாட்டுகள் பலவற்றைத் திரட்டுவதற்காக, டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் வாழ்ந்த கறுப்பின கிட்டார் கலைஞர் லெஸ்லி ரிடில் ஏ.பி. கார்ட்டரோடு ஊர் ஊராகப் போனார். கார்ட்டர் பாட்டின் வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொண்டு திரும்புவார். மேபெல் கார்ட்டரின் கிட்டார் வாசிப்பிலும் அவர் பாதிப்பு உண்டு. குடும்பம் புகழின் உச்சிக்குப் போனது; ரிடில் 1960-களில் இசைக் கலைஞர் மைக் சீகர் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அறியப்படாமலே இருந்தார்.

தனித்துக் கிடந்த மலை என்ற கதைக்கும் இந்தக் காலமே மறுப்பு. கேலக்ஸுக்குப் பக்கத்தில் நியூ ஆற்றங்கரையிலுள்ள ஃபிரைஸ் என்ற ஆலை ஊரில் பருத்தி நூற்பாலை இருந்தது. ஹென்றி விட்டர், கெல்லி ஹாரெல் போன்ற முதல் தலைமுறைப் பதிவுக் கலைஞர்கள் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள். பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஷிஃப்ட் முடிந்து கூடி வாசித்தார்கள். இந்த இசை ஆலையையும் ரயிலையும் கடந்து வந்தது மட்டுமல்ல, அவற்றால் வளர்ந்தும் இருக்கிறது.

வீடு தேடி வந்த மாணவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டு நடனங்கள் அருகின. 1952-ல் ஹாரி ஸ்மித் 84 பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டதும், 1958-ல் நியூ லாஸ்ட் சிட்டி ராம்ப்ளர்ஸ் குழு தோன்றியதும் நகரத்து இளைஞர்களின் காதைத் திருப்பின. இசைத்தட்டில் கேட்டவர்கள் உயிரோடிருக்கும் முதியவர்களைத் தேடி மலையேறினார்கள்.

அவர்களில் ஒருவர் ஆலன் ஜபூர். மேற்கத்திய செவ்வியல் வயலின் பயின்றவர், டியூக் பல்கலைக்கழக மாணவர். 1966-67-ல் வர்ஜீனியாவின் கிளென் லின் ஊரில் ஹென்றி ரீட் (1884–1968) என்ற முதியவரைச் சந்தித்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். ரீடின் சில மெட்டுகள், போர்ப்படையில் ஃபைஃப் குழல் வாசித்த குயின்ஸ் டில்லியன் என்ற முந்தைய தலைமுறைக்காரர் வழியாக வந்தவை. ஜபூர் நாடாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. டர்ஹம் அருகே ஹாலோ ராக் என்ற இடத்தில் நண்பர் வீட்டில் கூடும் ஜாமுக்கு மெட்டுகளை எடுத்துச் சென்றார். அங்கே வந்தவர்கள் கற்றுத் தம் ஊர்களுக்குக் கொண்டு போனார்கள். ‘ஓவர் தி வாட்டர்ஃபால்’ என்ற மெட்டு ஒரு முதியவரின் நினைவிலிருந்து இப்படித்தான் நாடெங்கும் உள்ள ஜாம்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் ஜபூர் 1976-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க நாட்டுப்புற வாழ்வியல் மையத்தின் முதல் இயக்குநரானார். ரீடின் 184 பதிவுகளை இன்று நாடாளுமன்ற நூலகத்தின் வழியாக யாரும் கேட்கலாம். ஆவணக் காப்பகமும் ஜாமும் ஒன்றுக்கொன்று துணையாக நின்றதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஓய்வு பெற்ற டாமி ஜாரெலின் வீட்டுக்கும் அதே காலத்தில் இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். அவர் எவரையும் திருப்பி அனுப்பவில்லை. சாப்பாடு போட்டார், தங்க இடம் கொடுத்தார், இரவு வெகுநேரம் கூட உட்கார்ந்து வாசித்தார். வில்லை எப்படிச் சுழற்றுகிறார் என்று கேட்டால் விளக்கம் வராது. திரும்ப வாசித்துக் காட்டுவார். அவர் 1982-ல் தேசிய மரபுக் கலைஞர் விருதை முதன்முதலாகப் பெற்றவர்களில் ஒருவர். ரவுண்ட் பீக் பாணி இன்று ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வாசிக்கப்படுகிறது என்றால், அதற்குக் காரணம் அந்த வீட்டின் கதவு திறந்தே இருந்ததுதான்.

விடுபட்ட பாதியை மீட்டவர் ஜோ தாம்சன் (1918–2012). மலைக்குக் கீழே, வட கரோலைனாவின் பீட்மாண்ட் சமவெளியில் மெபேன் ஊரைச் சேர்ந்த கறுப்பின ஃபிடில்காரர். தந்தையிடம் கற்றவர், ஒன்றுவிட்ட சகோதரர் ஓடெல் பாஞ்சோ வாசிக்க, கறுப்பினத்தவர் வீட்டு நடனங்களுக்கும் வெள்ளையர் வீட்டு நடனங்களுக்கும் வாசித்தவர். மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2005 ஏப்ரலில் பூன் நகரிலுள்ள அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பாஞ்சோ மரபு பற்றிய மாநாடு கூடியது. அங்கே சந்தித்த ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய மூன்று இளைஞர்கள் அதன் பின் வாரந்தோறும் வியாழக்கிழமை தாம்சன் வீட்டுக்குப் போய் அவரோடு வாசித்தார்கள். எண்பது வயதைக் கடந்திருந்தவர் ஃபிடிலோடு உட்கார, அவர்கள் சுற்றி உட்கார்ந்து பின்தொடர்ந்தார்கள். அந்த வியாழக்கிழமைகளிலிருந்து பிறந்த கரோலைனா சாக்லெட் டிராப்ஸ் குழுவின் 2010-ஆம் ஆண்டுத் தொகுப்பு கிராமி விருது பெற்றது. 2024-ல் பியான்சேயின் ‘டெக்சாஸ் ஹோல்டம்’ பாட்டில் ஒலிக்கும் பாஞ்சோ கிடன்ஸ் வாசித்தது. ஒரு நூற்றாண்டாகப் பட்டியல்கள் மறைத்ததை ஒரு முதியவரின் வீட்டு ஜாம் மீட்டுக் கொடுத்தது.

பள்ளிக்கூடமும் சுற்றுலாவும்

இன்று மலை ஊர்களில் நூற்பாலைகளும் மரச்சாமான் தொழிற்சாலைகளும் பெரும்பாலும் மூடிவிட்டன. நிலக்கரி வேலையும் புகையிலைப் பயிரும் சுருங்கிவிட்டன. இந்நிலையில் இசையைப் பொருளாதாரத்துக்கும் பயன்படுத்த வர்ஜீனியா மாநிலம் முன்வந்தது. 2004-ல் அங்கீகாரம் பெற்ற ‘குரூக்கெட் ரோடு’ என்ற மரபிசைத் தடம், ஃபிளாய்டின் பலசரக்குக் கடை, கேலக்ஸ், ஹில்டன்ஸிலுள்ள கார்ட்டர் குடும்ப அரங்கு முதலிய இடங்களை ஒரே பாதையில் இணைக்கிறது. கேலக்ஸில் 1935 முதல் நடக்கும் ஃபிடில்காரர் மாநாட்டுக்கு ஆகஸ்டில் கூட்டம் திரள்கிறது. மேடையில் போட்டி நடக்கும். பலர் அங்கு வருவது கூடாரங்களுக்கு நடுவே விடிய விடிய நடக்கும் ஜாம்களுக்காக. மவுண்ட் ஏரியின் டபிள்யூ.பி.ஏ.க்யூ. வானொலி 1948-ல் தொடங்கிய நாளிலிருந்து உள்ளூர்க் கலைஞர்களை நேரலையில் ஒலிபரப்புகிறது.

சுற்றுலாவால் கடைகளுக்கு வருமானம் வருகிறது. கூடவே ஓர் ஆபத்தும் வருகிறது. பணம் கொடுத்து வந்தவர் முகத்தைப் பார்க்க விரும்புவார். நாற்காலிகள் அவரை நோக்கித் திரும்பினால் ஜாம் கச்சேரியாகிவிடும். இசையியலர் தாமஸ் டுரினோ 2008-ல் எழுதிய நூலில், கேட்போருக்காக நிகழ்த்தப்படும் இசை, பங்கேற்போருக்காக நிகழும் இசை என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். பங்கேற்பு இசையின் தரத்தை எத்தனை பேர் சேர முடிந்தது என்பதை வைத்து அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஓல்ட்-டைம் இசைக்கு அவர் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு: கேசட்டும் கைபேசியும் இசையை வாங்கும் பண்டமாக மாற்றிய நாட்டிலேயே இந்தப் பங்கேற்பு தொடர்கிறது.

வட்டம் எல்லாருக்கும் தானாகத் திறந்துவிடுவதில்லை. வேகம் புதியவரை வெளியே தள்ளும். எழுதப்படாத நாகரிகங்கள் தெரியாதவர் கூசி நிற்பார். கறுப்பினத்தவர் ஒருவர் பாஞ்சோவோடு நுழைந்தால் வியந்து பார்க்கும் கண்கள் இன்னும் இருக்கின்றன. இதற்கெல்லாம் மாற்றாகப் பல ஊர்களில் மெதுவான வேகத்தில் வாசிக்கும் ஜாம்களைத் தனியாக வைக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் வட கரோலைனாவின் ஸ்பார்ட்டாவில், ஹெலன் ஒயிட் என்ற ஃபிடில் கலைஞரும் பள்ளி ஆலோசகருமானவர் ஒரு திட்டம் தொடங்கினார். பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்கு ஃபிடில், பாஞ்சோ, கிட்டார் கொடுத்து, காதால் கேட்டுக் குழுவாக வாசிக்கக் கற்பிக்கும் ‘ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ்’ அது. வாத்தியம் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு வாத்தியத்தைக் கடனாகக் கொடுப்பது இதில் முக்கியமான அம்சம். இன்று பக்கத்து மாநிலங்களுக்கும் அது பரவியிருக்கிறது. வேலை ஒருங்கிணைத்த வீட்டு நடனம் போய்விட்ட இடத்தில், பள்ளிக்கூடம் அந்தக் கூடுகைக்கு இடம் கொடுக்கிறது.

எதைக் காப்பது

பழைய கலைகளைப் பற்றிப் பேசும்போது பதிவு செய்தல், விருது கொடுத்தல், விழா எடுத்தல் என்ற மூன்று யோசனைகள்தான் பெரும்பாலும் முன்னால் வரும். மூன்றும் தேவையானவையே. ஆனால் இந்த மலைகளின் அனுபவம் அவற்றின் எல்லையையும் காட்டுகிறது. ஷார்ப்பின் நூல் பாட்டுகளைக் காத்தது, பாடியவர்களில் பலரை விட்டுவிட்டது. இசைத்தட்டு ஒலியைக் காத்தது, கூடி வாசித்தவர்களை இனவாரியாகப் பிரித்தது. ஒயிட்டாப் விழா மேடை போட்டது, ஏற வேண்டியவர்களைத் தடுத்தது. இவை மூன்றிலும் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வெளியிலிருந்து வந்தவர் கையில் இருந்தது.

ஜாமில் அந்த அதிகாரம் வட்டத்தில் இருப்பவர்களிடம் இருக்கிறது. எந்த மெட்டை வாசிப்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது, புதியவருக்கு எங்கே நாற்காலி போடுவது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்கிறார்கள். அதனால் பொறுப்பும் அவர்களுடையதே. ஹென்றி ரீட், டாமி ஜாரெல், ஜோ தாம்சன் மூவரும் அதை நன்றாக நிறைவேற்றினார்கள்: வாசல் தேடி வந்தவர் எந்த ஊர், எந்த நிறம், எவ்வளவு தெரிந்தவர் என்று பாராமல் கூட உட்கார்த்தி வாசித்தார்கள். அந்த மூன்று வீடுகளிலிருந்துதான் இன்று வாசிக்கப்படும் மெட்டுகளில் கணிசமானவை வந்திருக்கின்றன.

ஆகவே இந்த இசையைக் காக்க விரும்பும் அரசோ, பல்கலைக்கழகமோ, ஊர்ச் சங்கமோ முதலில் செய்ய வேண்டியவை எளியவை. வாரம் ஒருமுறை வாடகையில்லாமல் ஓர் அறை, இரவல் வாத்தியங்கள், மெதுவாக வாசிக்கப் பொறுமையுள்ள இரண்டு பெரியவர்கள், பாஞ்சோவின் ஆப்பிரிக்க வரலாற்றைப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லும் நேர்மை. இவை இருக்கும் ஊரில் மெட்டுகள் தாமாகவே கைமாறும். இவை இல்லாத ஊரில் எத்தனை ஆயிரம் மணி நேரப் பதிவு காப்பகத்தில் இருந்தாலும், அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.